காபியில் கலந்த மாத்திரை

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று பாடாலூரிலிருந்து. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த இரண்டு பக்கம். அடியில் பெயர் இல்லை. 'ஒரு தாய்' என்று மட்டும் கையெழுத்து. விஷயம் இதுதான்.

அந்த அம்மாளுக்கு ஒரே மகன். வயசு இருபத்தாறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரியெல்லாம் தூங்காமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக உலாத்த ஆரம்பித்தான். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்றான். சாப்பாட்டில் யாரோ எதையோ வைக்கிறார்கள் என்று தட்டை ஒதுக்கினான். திருச்சிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, 'இது மனச்சிதைவு நோய்' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாசத்தில் பையன் தெளிந்து, அப்பாவுடன் வெங்காயக் கொல்லைக்குப் போகத் தொடங்கினான். தெளிந்ததும், 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே!' என்று மாத்திரையை நிறுத்தினான். மறுபடியும் பழைய கதை.

அப்போது தாயார் ஒரு யுக்தி செய்தாள். மாத்திரையைப் பொடி செய்து காலைக் காபியில் கலந்தாள். எட்டு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிற்று. ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததைப் பையன் பார்த்துவிட்டான். அன்று முதல் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் பன்னும் டீயும்தான் ஆகாரம். இதற்கிடையே மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வீட்டுக்கு நாலு பேர் வந்து போகிற சமயம். 'இனி எதில் கலந்து கொடுக்கலாம்? மோரில் கலந்தால் தெரியுமா?' என்று கேட்டிருக்கிறாள்.

இந்தத் தாயைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. குழந்தைக்குக் கஷாயத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்து வளர்த்த கைதானே அது? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு நடக்கிற காரியம் இது. நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்தாக எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரிடமே கேட்டு வாங்கி வருகிறவர்களும் உண்டு. இருந்தாலும், 'மோரில் கலவுங்கள்' என்று நான் எழுதமாட்டேன். ஏன் என்று கேளுங்கள்.

பையனுடைய நோய் அவனிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? 'உன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்' என்று. அது பொய். எட்டு மாசம் கழித்து டம்ளரின் அடியைப் பார்த்தபோது அந்தப் பொய் மெய்யாகிவிட்டது! கலந்தது விஷமல்ல, மருந்துதான் என்று நமக்குத் தெரியும். ஆனால் அவனுக்குத் தெரிந்தது, 'நான் சந்தேகப்பட்டது சரி' என்பது ஒன்றுதான். நோயைத் தணிக்கக் கொடுத்த மருந்தே நோய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. எத்தனை மாத்திரை கொடுத்தாலும், தாயின் கையால் சாப்பிடுவதற்குப் பயப்படுகிற பிள்ளையை அந்த வீட்டில் எப்படித் தேற்றுவது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மெதுவாகக் கரைவதற்கென்றே தயாரித்த மாத்திரைகள் சில உண்டு. அவற்றைப் பொடி செய்தால் அளவு தவறி ஒரேயடியாக உடம்பில் ஏறும். மறைத்துக் கொடுக்கும்போது, அவன் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனால் எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது. கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது என்றாலும், தான் மருந்து சாப்பிடுவதே தெரியாதவன் டாக்டரிடம் எதைச் சொல்லுவான்? வெகு நாள் மறைவாகச் சாப்பிட்டுக் குணமானவன், 'பார்த்தீர்களா, மருந்தே இல்லாமல் சரியாகிவிட்டேன்' என்று நம்பவும் நம்புவான்.

சரி, பையன் ஏன் மாத்திரையை நிறுத்தினான்? பிடிவாதம், திமிர் என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். காரணத்தைக் கேட்டுப் பார்த்தால் வேறு வேறாக இருக்கும்.

முதல் காரணம், தனக்கு நோய் இருப்பதே தெரியாமை. கனவு காண்கிறவனுக்கு, தான் காண்பது கனவு என்று தெரிகிறதா? அதுபோல, காதில் கேட்கும் குரல் இவர்களுக்கு நிஜக் குரல்தான். நோய் இருப்பதை உணர விடாமல் செய்வது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. இல்லாத நோய்க்கு மருந்து தின்னச் சொன்னால் நீங்களும் நானும்கூடச் சம்மதிக்கமாட்டோம்.

இரண்டாவது, சௌக்கியமாகிவிட்டது என்ற நினைப்பு. ஜுரம் விட்டால் மாத்திரையை நிறுத்துகிற பழக்கம் நமக்கெல்லாம் இருக்கிறது. இந்த மருந்து ஜுர மாத்திரையைப் போன்றதல்ல. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் சாப்பிடுவது போல, வந்ததைத் தணித்தபின் மறுபடி வராமல் காப்பதற்கும் இதுதான் துணை.

மூன்றாவது, மருந்து செய்யும் தொந்தரவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. பழைய மருந்துகள் சிலவற்றால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், ஓர் இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும், வாயில் எச்சில் ஊறும். புதிய மருந்துகளில் இவை குறைவு. ஆனால் அவற்றில் சில, பசியைத் தூண்டி உடம்பைப் பருக்கச் செய்யும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பகலெல்லாம் தூக்கம் வரும். பெண்களுக்குச் சில மருந்துகளால் மாதவிலக்கு நின்றுபோவதும் உண்டு. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு இது நேர்ந்தால் அவள் என்ன பாடுபடுவாள் என்று யோசித்துப் பாருங்கள்! மாமியாரிடம் சொல்ல முடியாது, புருஷனிடம் சொல்லத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறாள். 'சொன்னபடி சாப்பிடுகிறாளா?' என்று மட்டும் கேட்கிற வீட்டில், 'சாப்பிட்டால் உனக்கு எப்படி இருக்கிறது?' என்று யாராவது ஒருத்தி கேட்டிருந்தால் டாக்டர் மருந்தை மாற்றியிருப்பார், அல்லது அளவைக் குறைத்திருப்பார்.

நான்காவது, வெட்கம். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே ஏச்சாக ஆக்கிவிட்டவர்களல்லவா நாம்? விருந்தாளி வந்தால் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிற வீட்டில், மாத்திரை சாப்பிடுகிறவன் தன்னையே ஒளிக்க வேண்டிய பொருளாக நினைத்துக்கொள்ளுவான்.

ஐந்தாவது, தூரமும் செலவும். மாதம் ஒரு முறை ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று மருந்து வாங்க வேண்டுமென்றால், வெங்காயம் அறுக்கிற சமயத்தில் அந்த மாதம் தவறிப்போகும். விரத நாள், ஊர்ப் பயணம், திருவிழா என்று இடையில் விடுவதும் இப்படித்தான் பழகிவிடுகிறது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? இந்த நோய்க்கான மருந்துகளைப் பற்றி உலகமெங்கும் நடந்த 65 பரீட்சைகளைத் திரட்டி 2012ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குணமானபின் ஒரு வருஷத்துக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 100க்கு 27 பேருக்கு நோய் திரும்பிற்று. மருந்துக்குப் பதிலாக வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 64 பேருக்குத் திரும்பிற்று. இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். மருந்து சாப்பிட்டும் 27 பேருக்கு வந்திருக்கிறது. ஆகவே மறுபடி நோய் வந்த ஒவ்வொருவனையும், 'நீ மாத்திரையை விட்டுவிட்டாய்!' என்று வைவது நியாயமாகாது. சாப்பிடாத 36 பேர் அந்த ஒரு வருஷத்தில் தப்பியிருக்கிறார்கள். அதனால்தான், 'பக்கத்து ஊரில் இன்னார் நிறுத்தினார், ஒன்றும் ஆகவில்லை' என்ற கதைக்குப் பஞ்சமில்லை. 27க்கும் 64க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான் நம் வீட்டுப் பிள்ளைக்கு மருந்து தரும் பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்பு நம் பாட்டிமார் காலத்தில் கிடையாது. 1931ல் நம் நாட்டு மருத்துவர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமைக்கு உதவுகிறது என்று எழுதினார்கள். 1952ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு டாக்டர்கள் குளோர்புரோமஸீன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருஷம் ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்தவர்கள் வீடு திரும்ப அது வழி செய்தது. அப்படித் திரும்பியவர்களுக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது என்று கவலைப்பட்டவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் 1978 வரை தலைவராக இருந்தார். 1984ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். 2021ல் 98 வயதில் காலமானார். மருந்தோடு வேலையும் மரியாதையும் வேண்டும், குடும்பத்துக்கு யோசனை சொல்ல ஆள் வேண்டும் என்பது அவர் தொடங்கிய நிறுவனம் நடந்துவரும் வழி.

பாடாலூர்க்காரர்களுக்கு ஒரு விசேஷமும் உண்டு. 1995 வரை பெரம்பலூர் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்ததுதான். மறு வருஷம், 1996ல், மத்திய சர்க்கார் மாவட்ட மனநலத் திட்டத்தை நாடு முழுவதிலும் நான்கே ஜில்லாக்களில் துவக்கியபோது, அந்த நான்கில் ஒன்று திருச்சி. பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், உள்ளூருக்குப் பக்கத்திலேயே இந்த மருந்து கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பிறகு அது மற்ற ஜில்லாக்களுக்கும் வந்துவிட்டது. இன்று பெரம்பலூர் தலைமை ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து தமிழிலேயே பேசலாம், 'டெலி மானஸ்' என்ற இந்த ஏற்பாட்டை 2022ல் சர்க்கார் தொடங்கினார்கள், காசு கிடையாது.

'நாங்கள் குணசீலத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோமே, மருந்து எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக வேண்டிக்கொள்ளுங்கள். காவேரிக் கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைத்துத் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அங்கேயே சர்க்கார் அனுமதி பெற்ற மனநலக் காப்பகம் ஒன்றும் இருக்கிறது. டாக்டர் பார்த்து மருந்தும் கொடுக்கிறார்கள். தீர்த்தமும் மாத்திரையும் அங்கே சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் நம் மனசில்தான். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடியற்காலையில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்துபோனார்கள். 28 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரிலும் 'தவா-துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற ஏற்பாடு வந்தது. 2017ல் இயற்றிய மனநலச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை அடியோடு தடுத்துவிட்டது. நோயாளிக்கு விஷயத்தைச் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற்றுத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்பதும், அவரே தமக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம் என்பதும் அதே சட்டம்தான்.

இனி, கல்யாண விஷயம். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்ற பயம் நியாயமானது. அதை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பலியாவது மாத்திரைதான். பெண் பார்க்க வருகிறார்கள் என்று டப்பாவை மறைப்பது, நோய் உள்ள பெண்ணுக்கே கல்யாணம் நிச்சயமானால் முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் முன்பே மருந்தை நிறுத்துவது - இவையெல்லாம் நெருப்பைப் பஞ்சில் பொதிகிற காரியம். புது வீடு, தூக்கமின்மை, கவலை எல்லாம் சேர்ந்து நோய் திரும்பினால், 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற பேச்சுத்தான் முதலில் வரும். மறைத்தது கோர்ட்டு வரைக்கும் போகலாம். முன்பே சொல்லிவிட்டால் சில இடம் தட்டும். தட்டாமல் வருகிற இடம் நிலைக்கும். 2013ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு. மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லிக் கணவர் விவாகரத்துக் கேட்டார். மனைவியோ மருத்துவம் படித்து உத்தியோகம் பார்த்துவந்தவர். நோயின் பெயரை மட்டும் சொல்லி விவாகரத்து வாங்க முடியாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள்.

பிள்ளை பெற விரும்பும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பயந்து நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். முடிந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்று அவர் பார்த்துச் சொல்லுவார்.

இப்போது அந்தத் தாய்க்கும், அவளைப் போன்ற மற்றத் தாய்மாருக்கும், மனைவிமாருக்கும் எனக்குத் தெரிந்த யோசனை.

கலந்து கொடுத்ததை ஒப்புக்கொள்ளுங்கள். 'நீ தூங்காமல் தவித்ததைப் பார்க்க முடியாமல் செய்தேன். இனிமேல் உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன்' என்று சொல்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம், ஒரு முறை சொன்னால் போதும். பிறகு சொன்னபடி நடவுங்கள். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறி, நீங்களும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டை அவனே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். முதல் நாளே வந்துவிடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'உனக்கு நோய்' என்று நிரூபிக்கப் பாடுபடாதீர்கள். அவன் எதை வேண்டுகிறானோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் வேண்டும் என்கிறானா, காதில் கேட்கிற சத்தம் ஓய வேண்டும் என்கிறானா, வேலைக்குப் போக வேண்டும் என்கிறானா? 'போன தடவை மாத்திரை சாப்பிட்டபோது தூங்கினாயே' என்று அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

டாக்டரிடம் நீங்கள் மட்டும் போய்ச் சீட்டைக் காட்டி மருந்து வாங்கி வராதீர்கள். அவனையும் அழைத்துப் போங்கள். அவனே தன் தொந்தரவைச் சொல்லட்டும். அவன் பேசும்போது நீங்கள் குறுக்கிடாதீர்கள். தினம் மாத்திரை விழுங்குவது கஷ்டமென்றால், இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி இருக்கிறது. அது அவனுக்குச் சம்மதமானால் வீட்டில் தினசரி யுத்தம் நின்றுபோகும். எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்பதையும் அவன் எதிரிலேயே கேளுங்கள். சிலருக்கு ஓரிரண்டு வருஷம், சிலருக்கு வெகு காலம். நிறுத்துவதானாலும் டாக்டர் பார்வையில் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

தூக்கம் குறைவதைக் கவனியுங்கள். பல பேருக்கு நோய் திரும்புவதற்கு முன்னால் அதுதான் வந்து கதவைத் தட்டும். தன்னையோ பிறரையோ துன்புறுத்திக்கொள்ளுவான் போலத் தோன்றினால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சமயத்துக்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது.

கடைசியாக, உங்கள் வாய்ச் சொல். லண்டனில் இந்த நோயாளிகளின் வீடுகளை ஆராய்ந்தபோது, எந்நேரமும் குற்றம் சொல்லுகிற வீடுகளில் நோய் அடிக்கடி திரும்புகிறது என்று கண்டார்கள். சண்டீகரிலும் பிற்பாடு பார்த்தார்கள். நம்மவர் வீடுகளில் அந்தக் குற்றப் பேச்சு குறைவு என்று தெரிந்தது. ஆனால் வெறுத்துப் பேசுகிற வீடுகளில் இங்கேயும் நோய் திரும்பத்தான் செய்தது. கரித்துக் கொட்டாமல் இருப்பதும் மருந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் இல்லாத வீட்டுச் சகோதரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் தெளிந்து வெளியே வந்தால், அவன் அம்மாவிடம் காதோடு காதாக, 'இன்னும் மாத்திரை சாப்பிடுகிறானா?' என்று கேட்காதீர்கள். அவனையே பார்த்து, 'கொல்லையில் வெங்காயம் எப்படி?' என்று கேளுங்கள். ஊர் அவனை மனுஷனாக நடத்தினால், மாத்திரையை அவன் எல்லோர் முன்னாலும் தண்ணீர் ஊற்றி விழுங்குவான். ஒளிக்க வேண்டிய அவசியம் அவனுக்கும் இராது, பெற்றவளுக்கும் இராது.